கள்ளி சொன்ன சாட்சி

கள்ளியின் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது ஒரு பேய். எரிகிற சிதையிலிருந்து கடைசிக் கொள்ளி ஒன்றை உருவுகிறது. கரியை மசித்து மையாக்கிக் கண்ணில் தீட்டிக்கொள்கிறது. எதையோ நினைத்து வாய்விட்டுச் சிரிக்கிறது. தன் சிரிப்புக்குத் தானே வெருண்டு பக்கவாட்டில் பார்க்கிறது, துள்ளி எழுகிறது. அந்தத் துள்ளலில் பிணத்தீ அதைச் சுட்டுவிடுகிறது. வந்ததே கோபம்! புழுதியை அள்ளி அள்ளி வீசித் தீயை அவிக்கப் பார்க்கிறது.

காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் வரும் பேய் இது. அதே பதிகத்தில் இன்னொன்று இருக்கிறது. ஒரு தாய்ப்பேய் தன் பிள்ளைக்குக் காளி என்று பேர் வைக்கிறது. அதன் உடம்பில் ஒட்டிய புழுதியைத் துடைத்துவிடுகிறது, முலை கொடுக்கிறது, பிறகு எங்கோ போய்விடுகிறது. போன தாய் திரும்பி வரக் காணாமல் அந்தக் குழந்தை அழுது அழுது தூங்கிப்போகிறது. பக்கத்திலேதான் சிவன் ஆடிக்கொண்டிருக்கிறான். அந்த ஆட்டம் குழந்தையை எழுப்பவில்லை.

பேய் என்றால் பயமுறுத்த வருவது என்று பழகிய மனத்துக்கு இந்த இரண்டு காட்சிகளும் புதிதாக இருக்கும். ஒரு பேய் அலங்காரம் செய்துகொள்கிறது, இன்னொன்று பிள்ளை வளர்க்கிறது. பசி, தூக்கம், கோபம், சூடு எல்லாம் அவற்றுக்கும் உண்டு. புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, சிவந்த தலைமயிர், வெளியே நீண்ட பல் என்று அம்மையார் அவற்றின் உடம்பை ஓர் உறவுக்காரியின் உடம்பைப் போல அடையாளம் சொல்கிறார். தன்னையே காரைக்கால் பேய் என்று கையொப்பமிட்டவர் அவர். வெளியிலிருந்து வேடிக்கை பார்த்து எழுதியதல்ல அது.

டோல்கீன் 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். கற்பனை உலகைப் படைப்பவன் இரண்டாம் உலகம் ஒன்றை உண்டாக்குகிறான், அதற்குள் நுழைந்தவனுக்கு அங்கே நடப்பதெல்லாம் அந்த உலகத்தின் விதிப்படி உண்மையாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். டிராகனையும் எல்ஃபையும் விளையாட்டுத் திரையில் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அந்த உலகம் தெரியும். சென்னையிலிருந்து அரக்கோணம் போகிற ரயிலில் திருவள்ளூர் தாண்டி இறங்கினால் வருகிற திருவாலங்காடும் அப்படி ஓர் இரண்டாம் உலகத்தின் தலைநகரம் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அந்த உலகத்துக்கு ஒரு விதி இருக்கிறது. அந்த விதி இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக்கு மிக அவசரமாகத் தேவைப்படுகிறது.

திருவாலங்காட்டில் சிவனும் காளியும் போட்டி போட்டு ஆடியதை எல்லாரும் அறிவார்கள். காதிலிருந்து விழுந்த குழையைக் கால்விரலால் எடுத்து, காலைத் தலைக்கு மேலே தூக்கிக் காதில் மாட்டினான் சிவன். காளி அப்படிக் காலைத் தூக்க நாணி நின்றாள், தோற்றாள். ஒரு பெண்ணின் நாணத்தை வைத்துத் தீர்ந்த போட்டியை வெற்றி என்று ஏற்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை. ஊர் வழக்கத்துக்கும் மனம் வரவில்லை போலும். முதலில் காளியைக் கும்பிட்டுவிட்டுத்தான் வடாரண்யேசுவரரிடம் போகவேண்டும் என்பார்கள். ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. ஆடும் பாதத்தின் கீழ் அம்மையார் இருக்கிறார்.

அம்மையாரின் செப்புத் திருமேனிகள் உலகம் சுற்றியிருக்கின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒன்று, கான்சாஸ் நகரத்தின் நெல்சன்-ஆட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் ஒன்று. விலா எலும்பு எண்ணலாம். முலைகள் வற்றித் தொங்குகின்றன. கையில் தாளம். முகத்தில் மட்டும் அப்படி ஒரு நிறைவு. சோழநாட்டுச் சிற்பி அழகான பெண்ணுருவங்களை வார்த்துப் பழகிய கையால், அழகைக் கழற்றிப் போட்டுவிட்ட ஒருத்தியையும் வார்த்தான். பேயுருவை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள் என்பதை அந்த முகத்தில் அவன் எழுதியிருக்கிறான்.

கேட்டு வாங்காமல் பேயானவளும் அதே ஊர் எல்லையில் இருக்கிறாள். ஆலங்காட்டை ஒட்டிய பழையனூரின் நீலி. என் எண்ணமெல்லாம் அவளைப் பற்றித்தான்.

கதை பல வடிவங்களில் வழங்குகிறது, எலும்புக்கூடு ஒன்றுதான். ஒருவன் தன்னை நம்பி வந்த பெண்ணை நகைக்காக வழியில் கொன்றான். அடுத்த பிறவியில் அவன் வணிகனாகப் பிறந்தான். அவள் நீலி என்னும் பேயாகக் காத்திருந்தாள். மந்திரித்த கத்தி ஒன்று இடுப்பில் இருந்ததால் அவளால் அவனை நெருங்க முடியவில்லை. கள்ளிக் கொம்பு ஒன்றை ஒடித்தாள், குழந்தையாக்கினாள், இடுப்பில் வைத்துக்கொண்டாள், அவனைத் தொடர்ந்தாள். அவன் பழையனூருக்குள் ஓடி அங்கிருந்த வேளாளர் சபையில் அடைக்கலம் புகுந்தான். நீலியும் அங்கே போனாள். இவர் என் புருஷன், என்னையும் பிள்ளையையும் தவிக்கவிட்டுப் போகிறார், சேர்த்துவையுங்கள் என்று அழுதாள்.

இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். பேய் நியாயம் கேட்டுச் சபைக்கு வருகிறது. சுடுகாட்டில் நின்று ஆளைப் பிடித்துத் தின்ன வேண்டிய ஒன்று, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் கைகட்டி நின்று வழக்கு சொல்கிறது. உலகத்தின் பேய்க்கதைகளில் பேய்க்கு எதிரி பூசாரி, பாதிரி, மந்திரவாதி. பழையனூரில் ஊர்ச்சபையே பேயை எதிர்கொள்கிறது. மந்திரத்துக்கு அங்கே வேலையில்லை, சாட்சிக்குத்தான் வேலை.

குழந்தையைக் கீழே விடச் சொன்னார்கள். அது தவழ்ந்து போய் வணிகன் மடியில் ஏறி அப்பா என்றது. குழந்தை பொய் சொல்லாது என்று சபை தீர்த்தது. ஒரே வீட்டில் இரவு தங்குங்கள் என்றார்கள். இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று அவன் கதறினான். உன் உயிருக்கு நாங்கள் எழுபது பேர் பொறுப்பு, உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்றார்கள். இவர் கையில் கத்தி இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்றாள் நீலி. கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விடிந்தபோது அவன் வயிறு கிழிந்து கிடந்தான். எழுபது பேரும் தீ வளர்த்து இறங்கினார்கள்.

கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக நீலியின் வஞ்சனையில் தொடங்கி எழுபது பேரின் வாய்மையில் முடிப்பார்கள். ‘நீலிக் கண்ணீர்’ என்று சொல்லும் வாய்க்கு அவள் முதலில் கொல்லப்பட்டவள் என்பது ஞாபகம் வருவதில்லை. நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் பாடப்படும் இசக்கியம்மன் கதையோடு சேர்த்துக் கேட்டபோது பழையனூர் வழக்கு வேறு மாதிரி எழுந்து நின்றது. அங்கேயும் இதே நீலிதான், எழுநூறு கிலோமீட்டர் தெற்கே போய்த் தெய்வமாகியிருக்கிறாள். அந்தக் கதையில், நம்பி வந்தவள் காட்டுவழியில் அசந்து தூங்கும்போது அவன் தலையில் கல்லைப் போடுகிறான். யாருமில்லாத காடு. சாகிற நேரத்தில் அவள் பக்கத்தில் நின்ற கள்ளியைப் பார்த்து, நீயே எனக்குச் சாட்சி என்று சொல்லிவிட்டுச் சாகிறாள்.

அப்படியானால் சபையில் இறக்கிவிடப்பட்ட குழந்தை யார்? கொலையை நேரில் கண்ட ஒரே சாட்சி அது. பேய் பொய்ச்சாட்சி ஜோடித்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவள் கொண்டுவந்தது உண்மையான சாட்சியை. கள்ளிக்கு வாய் கிடையாது, ஆகவே அதற்கு ஒரு குழந்தையின் வாயைக் கொடுத்தாள். அது சொன்னதும் பொய்யில்லை. முற்பிறவியில் அவன் அவளுக்குப் புருஷன்தான்.

சபையின் பிழை வேறு இடத்தில் இருக்கிறது. இவன் உனக்கு யார் என்று கேட்டார்கள். இவன் உனக்கு என்ன செய்தான் என்று கேட்கவில்லை. குடும்பத்தைச் சேர்த்துவைப்பதே நீதி என்று நினைத்த ஆண்கள் நிறைந்த சபை அது. பயந்து நடுங்கும் ஒருவனையும் பழி சுமந்த ஒருத்தியையும் ஒரே அறையில் போட்டுக் கதவைச் சாத்தினார்கள். இன்றைக்கும் காவல் நிலையத் திண்ணைகளில் இப்படித்தான் சேர்த்துவைக்கிறார்கள், இப்படித்தான் விடிகிறது.

ஆனாலும் அந்த எழுபது பேரை என்னால் ஒதுக்க முடியவில்லை. செத்தவன் அவர்கள் ஊர்க்காரனில்லை. உறவில்லை, சாதிக்காரனும் இல்லை. வியாபாரத்துக்கு வந்த வழிப்போக்கன். அவன் செத்ததைப் பேய்மேல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கதை கேட்கிற யாரும் அதைத் தப்பென்று சொல்லமாட்டார்கள், ஏனென்றால் கொன்றது பேய்தான். அவர்கள் அதைச் சொல்லவில்லை. எங்கள் சொல்லை நம்பிக் கத்தியைக் கொடுத்தான், ஆகவே அவன் சாவு எங்கள் கணக்கு என்றார்கள். திருவாலங்காட்டு உலகத்தின் விதி என்று முன்னால் சொன்னது இதைத்தான். வெளியூரிலிருந்து வந்தவன் உயிருக்கு, அவன் கையிலிருந்த பாதுகாப்பை வாங்கிக்கொண்ட ஊர் பிணை.

இதன் வயதையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இந்த ஊருக்கு வந்தார். அம்மையார் தலையால் நடந்த மண்ணில் கால் வைக்கத் தயங்கி வெளியே தங்கினார் என்பார்கள். அப்போது பாடிய பதிகத்திலேயே வஞ்சித்து உயிர் கொண்ட ஒருத்தியின் செய்தி வந்துவிடுகிறது. ஆகக் கதை அவருக்கும் மூத்தது. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் சேக்கிழார் புராணத்தில் வேளாளர் பெருமையாக இந்த எழுபது பேரையும் தீக்குழியையும் சொல்கிறார். இதே பழையனூரை முதலாம் இராசேந்திரன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் ஆலங்காட்டு மகாதேவருக்கு எழுதிக் கொடுத்தான். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் என்று வரலாற்று மாணவர்கள் படிக்கிற அந்த 31 ஏடுகள் அதன் பத்திரம். சோழர் செப்பேடுகளில் ஊர் எல்லை குறிக்கும்போது பெண்யானையை நடத்தி, கல்லும் கள்ளியும் நடுவார்கள். கள்ளி அன்றைக்கே சாட்சி மரம்தான். எல்லை எது என்று நாளை யாராவது கேட்டால் அது நின்று சொல்லும்.

எழுபது பேருக்குத் தீப்பாய்ந்த இடத்தில் மண்டபம் இருக்கிறது. அதில் அவர்கள் உருவங்கள் இருக்கின்றன. எதிரே சாட்சி பூதேசுவரர் என்ற பேரோடு சிவன் இருக்கிறார். கள்ளிகளை இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும். வேலிக்குக் கம்பி வந்துவிட்டது, தரிசுக்குச் சீமைக் கருவேலம் வந்துவிட்டது. திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் பேய்களின் தலைநகரம் வழியாகத்தான் போகின்றன.

நீலியைச் சமணர்கள் எடுத்துக்கொண்ட விதம் தனியாகச் சொல்லத் தக்கது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியின் தலைவி இவள்தான். பாஞ்சால நாட்டில் ஒரு சுடுகாட்டில் முனிச்சந்திரர் என்னும் முனிவர், காளிக்கு உயிர்ப்பலி வேண்டாம், மண்ணால் செய்த உருவத்தைப் படையுங்கள் என்று சொல்லிப் பலியைத் தடுத்துவிடுகிறார். அவரை விரட்டத் தென்னாட்டிலிருந்து பழையனூர் நீலி வரவழைக்கப்படுகிறாள். பயங்கர உருவெடுத்துப் பார்க்கிறாள், அரசகுமாரியாக வந்து மயக்கிப் பார்க்கிறாள். முனிவர் அசையவில்லை. நீலி அவரிடமே பாடம் கேட்கிறாள். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று எல்லாரோடும் வாதம் செய்து வெல்கிறாள். அந்த நூலை 1936இல் அ. சக்கரவர்த்தி சமயதிவாகர உரையோடு பதிப்பித்தார். தத்துவம் பேசும் பேய் என்று ஒன்றைத் தமிழ் உண்டாக்கியிருக்கிறது. சபையில் நின்று வழக்காடிய நீலிக்கு அது பொருத்தமான வளர்ச்சி. வாதாடத் தெரிந்தவள் என்பதை அந்தப் பேர் தெரியாத கவி கண்டுகொண்டான். அவள் பழியை மட்டும் கழற்றிவிட்டான்.

பழி இல்லாத பேய்கள் தமிழில் இன்னொரு இடத்தில் கூட்டமாக இருக்கின்றன. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. 1110ஐ ஒட்டி நடந்த போர், முதலாம் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் தலைமையில். அந்தப் பரணிபோல் விதிமுறை பிசகாமல் கட்டப்பட்ட மாய உலகம் இந்திய மொழிகளில் அதிகம் இருக்க முடியாது. காளியின் கோயில், அதன் காடு, அதில் பசித்துக் கிடக்கும் பேய்கள். நொண்டிப்பேய், குருட்டுப்பேய், ஊமைப்பேய், கூன்பேய் என்று ஒவ்வொன்றின் குறைக்கும் முந்தைய சோழர் போர் ஒன்றில் காரணம் இருக்கிறது. இமயத்திலிருந்து வித்தை படித்துத் திரும்பிய முதுபேய் ஒன்று இந்திரசாலம் காட்டுகிறது. ரத்த ஆறு ஓடுவதாகத் தோன்ற, பசித்த பேய்கள் பாய்ந்து விழுந்து வெறும் காற்றை அள்ளிக் குடிக்கின்றன. நிறுத்து, இனித் தாங்காது என்று காளியிடம் முறையிடுகின்றன. இல்லாத சோற்றைக் காட்டி ஏமாற்றப்படுகிறவர்களின் துயரத்தை இவ்வளவு நேராக எழுதிய காட்சி வேறு எனக்குத் தெரியாது.

போர் முடிந்தபின் கூழ் சமைக்கிறார்கள். யானைக் கொம்பால் பல் விளக்கு, விலா எலும்பால் நாக்கு வழி என்று குளிப்பிலிருந்து தொடங்குகிறது. வீழ்ந்த கலிங்கரின் பற்கள் அரிசி. முரசு உரல், தந்தம் உலக்கை. பரிமாறும்போதும் ஒழுங்கு பிசகுவதில்லை. பார்ப்பனப் பேய், புத்தப் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஆசாரப்படி வார்க்கச் சொல்கிறார்கள். உயிர்க்கொலைக்கு அஞ்சும் சமணப் பேய்க்கு மயிர் இல்லாமல் வடிகட்டி ஊற்ற வேண்டும். விருந்துக்கு வந்த வெளியூர்ப் பேய்க்குத் தனிக் கவனிப்பு. சமையலறையின் ஒவ்வொரு சாமானும் அதனதன் இடத்தில் இருக்கிறது.

படிக்கப் படிக்க வியப்புதான். ஆனால் அரிசி யாருடைய பல் என்பது ஒவ்வொரு முறையும் என் தொண்டையில் நிற்கிறது. பரணியின் பேய்கள் வென்றவன் பக்கத்துப் பேய்கள். அவை சோழனை வாழ்த்திக் குடிக்கின்றன. உரலில் இடிபடுகிறவனுக்கு அந்தக் காவியத்தில் பேயாக எழுந்து வரும் உரிமைகூட இல்லை. பழையனூரில் அநியாயமாகச் செத்தவள் பேயாகி வந்து சபையை எதிர்கொண்டாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் தமிழின் பேயுலகத்தைப் பேச முடியாது.

இரண்டும் ஒரே மாவட்டத்தில் சந்திக்கவும் செய்கின்றன. காஞ்சியிலிருந்து கிளம்பிய படை கடந்த ஆறுகளைச் செயங்கொண்டார் வரிசையாகச் சொல்கிறார். பாலாற்றை அடுத்துக் குசைத்தலை வருகிறது. அது நம் கொசஸ்தலை ஆறு. பூண்டியில் 1944இல் நீர்த்தேக்கம் கட்டி நிறுத்தப்பட்டு, மீஞ்சூர்ப் பக்கம் போய், எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலோடு கடலைச் சேர்கிற அதே ஆறு. கருணாகரன் படை இந்த ஆற்றைத் தாண்டி வடக்கே போனது.

ஒன்பது நூற்றாண்டு கழித்துக் கலிங்கம் தெற்கே வருகிறது. ஹவுரா பாதையில் வரும் ரயில்கள் கும்மிடிப்பூண்டியைக் கடந்துதான் சென்னைக்குள் நுழைகின்றன. சிப்காட் வளாகத்தின் ரோலிங் மில்களிலும் உருக்காலைகளிலும் ஸ்கிராப்பை உருக்கிக் கம்பியாக்கும் கைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் கைகள் ஏராளம். மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்குப் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு வருவதால் நடுவில் போக முடியாது. கொத்தடிமைகளாக இருந்தவர்களை அதிகாரிகள் மீட்ட செய்தி திருவள்ளூருக்குப் புதிதல்ல. சூளையில் பச்சைக்கல் அறுக்கப் போன தாய் திரும்பும்வரை புழுதியில் அழுது தூங்கிப்போகும் குழந்தையை அம்மையார் எழுதிவைத்துப் பதினான்கு நூற்றாண்டு ஆகிறது.

பிணை என்ற விஷயத்தை நம் காலத்துச் சட்டமும் ஒருமுறை தொட்டது. ஒடிசாவில் தாதன் தொழிலாளர் என்று சொல்லப்பட்டவர்களை சர்தார்கள் முன்பணம் கொடுத்து வெளிமாநிலம் கொண்டுபோய் வதைத்ததைப் பார்த்துத்தான் 1979இல் மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆளைக் கூட்டிப்போகும் கான்ட்ராக்டருக்கு உரிமம், தொழிலாளி கையில் படத்தோடு கணக்குப் புத்தகம், ஊரை விட்டு வந்ததற்கு ஒரு படி, இதெல்லாம் அதில் உண்டு. இன்னொன்றும் உண்டு. தொழிலாளி விபத்தில் செத்தால் இரண்டு மாநில அதிகாரிகளுக்கும் அவனுடைய நெருங்கிய உறவுக்கும் கான்ட்ராக்டர் தகவல் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்தவன் சாவு யாருக்கும் தெரியாமல் போகக்கூடாது என்று நாடாளுமன்றம் எழுதிய வரி அது. 2020இல் வந்த தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் அந்தச் சட்டம் கரைக்கப்பட்டது. வரி எழுதியாயிற்று. கத்தியை வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். வருகிறவனின் ஆதார் அட்டை மேஸ்திரி பையில், கூலிக் கணக்கு கான்ட்ராக்டர் போனில். உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்ல ஒருவர்கூட இல்லாத இடத்தில் எழுபது பேருக்கு எங்கே போவது?

2023 ஜூன் 2ஆம் தேதி சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பஹாநகா பஜாரில் விபத்துக்குள்ளானது. 290க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தெற்கே வேலைக்குக் கிளம்பிய இளைஞர்கள் பலர் முன்பதிவில்லாப் பெட்டிகளில் இருந்தார்கள். கேட்டு வர ஆளில்லாமல் நான்கு மாதம் குளிர்பதனத்தில் கிடந்த 28 உடல்கள் அக்டோபரில் புவனேசுவரத்தில் எரிக்கப்பட்டன. அந்த ரயில் வந்து சேர்ந்திருந்தால் கும்மிடிப்பூண்டி நடைமேடையைக் கடந்திருக்கும். இறந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த மாவட்டத்தில் ஒரு ஷிப்ட் காத்திருந்தது என்று எந்தச் சபையும் கேட்கவில்லை.

ஒடிசாவிலிருந்து வேலைக்கு வருகிறவர்களும் வெறுங்கையோடு வருவதில்லை. அவர்கள் மொழியிலும் மாய விலங்குகள் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் சாரளா தாசர் ஒடியாவில் எழுதிய மகாபாரதத்தில் நவகுஞ்சரம் என்று ஒன்று வருகிறது. சேவல் தலை, மயில் கழுத்து, காளையின் திமில், சிங்கத்தின் இடை, பாம்பு வால். கால்களில் ஒன்று யானைக்கால், ஒன்று புலிக்கால், ஒன்று குதிரையோ மானோ. நாலாவது காலின் இடத்தில் ஒரு மனிதக் கை, அதில் தாமரைப்பூ. பூரி கோயிலின் நீலச்சக்கரத்திலும், ஒடிசாவின் வட்டமான கஞ்சீபா சீட்டுகளிலும் அதைக் காணலாம். காட்டில் தவம் இருந்த அர்ச்சுனன் முன்னால் அது வந்து நிற்கிறது. இப்படி ஒரு விலங்கை அவன் கண்டதில்லை. வில்லை எடுத்து நாண் ஏற்றிவிடுகிறான். அப்போது அந்தக் கை கண்ணில் படுகிறது. வில்லைக் கீழே போடுகிறான்.

கண்ணன்தான் அப்படி வந்தான் என்று கதை போகிறது. எனக்குக் கண்ணன் வருவதற்கு முந்தைய நொடி போதும். முன்னால் நிற்பது என்னவென்றே தெரியவில்லை, எட்டு உறுப்பும் அந்நியம், ஒன்பதாவது உறுப்பு தன்னுடையதுபோல் ஒரு கை. பழையனூர்ச் சபைக்கும் இந்தக் காட்டுக்கும் உறவு இருக்கிறது. இரண்டிலும் மாயப் பிறவி மனிதன் முன்னால் வந்து நிற்பது அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கத்தான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு நீலியோடு நவகுஞ்சரத்தையும் சொல்லித்தர வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பள்ளிகளில் அந்தப் பிள்ளைகள் பக்கத்தில் ஒடியா பேசும் பிள்ளைகளே உட்கார்ந்திருக்கலாம்.

திருவள்ளூர் மாவட்டத்தின் பேய்க்கதைகளைத் திரட்டப் போகிறவர் பழையனூரோடு நின்றுவிடக் கூடாது. ஒடியாவும் இந்தியும் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு சிப்காட் பக்கத்து லேபர் குவார்ட்டர்ஸ்களுக்கும் சூளைக் குடிசைகளுக்கும் போக வேண்டும், இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து அவர்கள் சமைக்கிற நேரமாகப் பார்த்து. உங்கள் ஊர் ஆற்றில் எது இருக்கிறது, இந்த ஊரில் எந்த இடத்தில் இருட்டியபின் நடக்கமாட்டீர்கள், ஏன், அங்கே யாருக்கு என்ன ஆயிற்று, அதைப் பார்த்தது யார் என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைப் பேரோடும் தேதியோடும் எழுதிக்கொள்ள வேண்டும்.